குறை தட்டிலா, பிளேயரிலா? ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரஸ்ஸிங்கை ஒப்பிடும்போது வரும் தகராறுகளும் தீர்வும்

ஒரே எல்.பி. (நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் நீண்ட நேர ரெக்கார்டு), இரண்டு பிரஸ்ஸிங், அதாவது வெவ்வேறு சமயத்தில் அச்சடித்த இரண்டு தட்டு. ஒன்று பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது மரப்பெட்டியோடு வந்தது, இன்னொன்று அண்மையில் மறுபடி அச்சடித்து விற்பனைக்கு வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு "பழசு மங்கலாக இருக்கிறது, புதுசுதான் தெளிவு" என்கிறார் ஒருவர். அதே இரண்டு தட்டையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்த இன்னொருவர் நேர் எதிராகச் சொல்கிறார். காரைக்குடிப் பக்கம் ரெக்கார்டு கேட்கிற எங்களுக்குள் இது ஓயாத சண்டை. நானும் பல வருஷம் இதில் கத்தியிருக்கிறேன். இப்போது கத்துவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தகராறையும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் பிரஸ்ஸிங்குக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தில் போய் முடிந்தது.

இதில் எனக்கு வருத்தம் தருகிற விஷயம் ஒன்று உண்டு. பழசு சரியில்லை என்று தீர்ப்புச் சொன்ன கையோடு அந்தத் தட்டை முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய பொருள் கடைகளில் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். போன பிறகுதான் தெரிகிறது, குறை ஊசியில் இருந்தது என்று. இந்த ஊர் ரெக்கார்டுக்குப் புதிய ஊர் இல்லை. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து கிராமபோன் தட்டு வியாபாரம்தான் செய்தார். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்தவர்கள் தட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இரண்டாங்கட்டு அறைகளில் வைத்த ஊர் இது. நல்ல பிரதிகள் இன்னும் இருக்கின்றன, தவறான தீர்ப்பால் அவை போகக் கூடாது.

கீழே உள்ளதை முழுசாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தட்டில் என்ன கேட்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான கேள்வி ஒன்று: இந்தக் குறை தட்டோடு போகிறதா, பிளேயரோடு நிற்கிறதா? இதைக் கண்டுபிடிக்க மூன்றாவதாக ஒரு தட்டு வேண்டும். நீங்கள் நூறு தடவை கேட்டு, எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்று மனப்பாடமான, நல்ல நிலையில் உள்ள ஒரு எல்.பி. அதை நான் சாட்சித் தட்டு என்று சொல்வேன். குறை சாட்சியிலும் கேட்டால் பிளேயரைப் பாருங்கள். சாட்சி சுத்தமாக ஒலித்து, ஒப்பிடுகிற தட்டில் மட்டும் குறை கேட்டால்தான் தட்டைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கலாம்.

முதலில் கழுவுங்கள்

கழுவாத பழைய தட்டையும் உறை பிரித்த புதுத் தட்டையும் ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு பிரஸ்ஸிங்கை இல்லை, ஐம்பது வருஷத்து அழுக்கையும் அழுக்கு இல்லாததையும். நம்ம ஊர் செம்மண் தூசி பொடிப்பொடியாக வரிக்குள், அதாவது ஊசி ஓடுகிற பள்ளத்துக்குள், இறங்கி உட்கார்ந்துவிடும். மேலே துடைத்தால் பளபளவென்று ஆகும், உள்ளே அப்படியே இருக்கும். புதுத் தட்டையும் கழுவுங்கள், அச்சுக்கூடத் தூசியும் உறைக் காகிதத் துகளும் அதிலும் ஒட்டியிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசி என்று நமக்குத் தெரியும், ஆனால் தண்ணீருக்கு ருசி வருவதே அதில் கரைந்திருக்கும் உப்புகளால்தான். அது தட்டில் காய்ந்தால் வரிக்குள் வெள்ளைப் பொருக்காக நின்று ஊசியில் உரசும். போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடைக்கும், கடைசி அலசல் அதில்தான். அதில் சோப்புக் கரைசல் ஓரிரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் வரி ஓடுகிற திசையிலேயே சுற்றித் தேய்த்து, வேறு நல்ல டிஸ்டில்டு தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூஞ்சை பிடித்து வெள்ளைத் திட்டு விழுந்த தட்டுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கால் பங்கு, தண்ணீர் முக்கால் பங்கு கலந்து துடைக்கலாம்.

ஆனால் ஆல்கஹாலை 78 சுற்றுத் தட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது வினைல் இல்லை, அரக்கு. மரத்தில் பூச்சி சுரக்கிற அரக்கை எடுத்துக் கல் பொடியோடு கலந்து அழுத்திய பொருள். ஆல்கஹால் பட்டால் கரைந்து பாட்டே போய்விடும். தட்டு கனமாக, வளையாமல், விரல் நகத்தால் தட்டினால் ஓடு மாதிரி சத்தம் போட்டால் அது அரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"புதுத் தட்டில் எல்லாமே எடுப்பாக இருக்கிறது, பழசு சோகையாக இருக்கிறது"

அதிகமாக வருகிற புகார் இதுதான், அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். தொண்ணூறு சதவீதம் பேர் இங்கேயே விழுந்துவிடுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

நம் காதுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே ஒலியைக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் கேட்டால் "சத்தம் கூடிவிட்டது" என்று நினைக்காது, "தெளிவு கூடிவிட்டது" என்றுதான் நினைக்கும். 1 டெசிபல் வித்தியாசம் போதும். மிருதங்கத்தின் தொப்பி கனமாகும், குரல் முன்னால் வந்து நிற்கும், வயலின் இழை மின்னும். எல்லாம் சத்தத்தின் வேலை. இரண்டு பிரஸ்ஸிங் ஒரே சத்தத்தில் வெட்டப்பட்டிருக்க (வரி கீறிப் பதிக்கப்பட்டிருக்க) வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு பக்கத்தில் 15 நிமிஷப் பாட்டு மட்டும் இருந்தால் வரிகளை அகலமாக, சத்தமாக வெட்டலாம். அதே பக்கத்தில் 25 நிமிஷம் அடைக்க வேண்டுமென்றால் வரிகளை நெருக்க வேண்டும், சத்தத்தைக் குறைக்க வேண்டும். சினிமாப் பாட்டு 45 சுற்று ஈ.பி.யில் (சின்னத் தட்டில்) கும்மென்று இருப்பதும், அதே பாட்டு பன்னிரண்டு பாட்டுத் தொகுப்பு எல்.பி.யில் அடங்கிப் போவதும் பெரும்பாலும் இதனால்தான். ஈ.பி. சிறந்த பிரஸ்ஸிங் என்று சொல்ல இது மட்டும் போதாது.

செய்ய வேண்டியது: போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். போனைக் கேட்கும் நாற்காலியில் தலை இருக்கும் உயரத்தில் ஒரு முக்காலி போட்டு வையுங்கள், பிறகு நகர்த்தாதீர்கள். ஒரு பாட்டில் குரலும் தாளமும் சேர்ந்து வருகிற 20 விநாடியைத் தேர்ந்தெடுத்து, முதல் தட்டில் அந்த 20 விநாடியின் சராசரியைப் பாருங்கள். இரண்டாவது தட்டில் அதே 20 விநாடி. வித்தியாசம் போகும்வரை வால்யூம் குமிழைத் திருப்பி, இரண்டு நிலைக்கும் குமிழின் ஓரத்தில் வெள்ளை டேப்பால் ஒரு குறி வையுங்கள். அரை டெசிபலுக்குள் கொண்டுவந்தால் நல்லது, அதற்கும் கீழே வந்தால் இன்னும் நல்லது. அப்புறம் கேளுங்கள். இதைச் செய்த பிறகு "எடுப்பு" காணாமல் போன கதைகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன.

கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் சுலபமாகச் செய்யலாம். இரண்டு தட்டையும் ஒரே பிளேயரில் ஓட்டிப் பதிவு செய்து, ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, சத்தத்தைச் சமன் செய்து, மாற்றி மாற்றிக் கேட்கலாம். தட்டை எடுத்துப் போட்டு ஊசி வைக்கிற ஒரு நிமிஷ இடைவெளியில் காது முந்தினதை மறந்துவிடுகிறது, அந்தக் கஷ்டம் இதில் இல்லை.

சமன் செய்த பிறகும் புதுசு கூர்மையாகவும் பழசு மங்கலாகவும் இருந்தால், புதுத் தட்டின் கனத்தைப் பாருங்கள். பழைய எல்.பி. சுமார் 120 கிராம், புது மறுவெளியீடுகள் பல 180 கிராம். தட்டு தடிக்கும்போது ஊசி ஏறி உட்காருகிற கோணம் லேசாக மாறும். உங்கள் பிளேயரில் ஊசியைத் தாங்குகிற கையின் உயரத்தைச் சரிசெய்ய முடியுமானால் ஒவ்வொரு தட்டுக்கும் கை தட்டுக்கு இணையாக இருக்கும்படி வைத்து ஒப்பிடுங்கள். கனம் கூடினால் ஒலி கூடும் என்று நினைக்க வேண்டாம். கனமான தட்டு எளிதில் கோணாது, கையில் பிடிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பாட்டு இருப்பது வரியில், தடிமனில் இல்லை.

இதெல்லாம் தாண்டியும் வித்தியாசம் நின்றால், சந்தோஷப்படுங்கள், அது உண்மையான வித்தியாசம். எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், வெட்டியவர் மேல் ஸ்வரங்களை எவ்வளவு தூக்கினார் என்பதெல்லாம் அங்கேதான் தெரிகிறது. பழைய டேப் தேய்ந்த பிறகு எடுத்த மறுபதிப்பில் மேல் ஒலி செயற்கையாகத் தூக்கியிருந்தால் குரலின் ஓரம் உலோகம் மாதிரி கேட்கும், "ச" எழுத்துகள் துருத்தும். என் அனுபவத்தில் ஒரு பாட்டின் முதல் வெளியீட்டை நல்ல நிலையில் கண்டால் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன், ஆனால் தேய்ந்த முதல் வெளியீட்டைவிட சுத்தமான பின்னாள் பிரதி மேல்.

"நீண்ட ஸ்வரம் ஆடுகிறது"

நாகஸ்வரத்திலும் வயலினிலும் இது உடனே தெரியும், சினிமாப் பாட்டில் தெரியாமலே போகும். பக்கத்து ஊர்க்காரர் என்பதால் எங்கள் கூட்டத்தில் எல்லாரிடமும் குன்னக்குடி வைத்தியநாதன் தட்டுகள் இருக்கின்றன. அவர் வில்லை நீளமாக இழுத்து நிறுத்துகிற இடம் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்க மிகவும் தோதானது.

ஒருமுறை கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு ஆச்சி, "தம்பி, இந்த வயலின் தட்டு மட்டும் கேக்கும்போது தலை சுத்துற மாதிரி இருக்கு, அதே பாட்டு எங்க அண்ணன் வீட்டுல நல்லாப் பாடுது" என்றார்கள். அவர்கள் அண்ணன் தட்டையும் வாங்கி வந்தோம். முகப்பில் தேக்கு மேஜை மேல் பிளேயரை வைத்து, முதலில் அண்ணன் வீட்டுத் தட்டு. ஸ்வரம் நேராக நின்றது. அடுத்து ஆச்சியின் தட்டு. ஸ்வரம் ஏறி இறங்கியது, ஊஞ்சல் மாதிரி, சீராக. அப்போது நான் காதால் கேட்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து ஊசி முனையைப் பார்த்தேன். தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது கை மெதுவாக உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது. நடு ஓட்டை நடுவில் இல்லை. ஆச்சியையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தவர்கள், "அட, இது நொண்டி நொண்டில்ல நடக்குது" என்றார்கள்.

ஓட்டை அரை மில்லிமீட்டர் விலகினால் போதும். எல்.பி.யின் வெளி ஓரத்தில் சுருதி சுமார் 0.3 சதவீதம் ஏறி இறங்கும், உள்ளே போகப் போக வட்டம் சிறுத்துக் கடைசிப் பாட்டில் அது 0.8 சதவீதமாகிவிடும். முதல் பாட்டில் தெரியாமல் கடைசிப் பாட்டில் தெரிவது இதனால்தான். 33⅓ சுற்றுத் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கும். ஆட்டம் 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் ஓட்டை விலகல், அல்லது தட்டு கோணல். இரண்டையும் கண்ணால் பிரிக்கலாம்: கை பக்கவாட்டில் ஆடினால் ஓட்டை, மேலும் கீழும் ஆடினால் கோணல். அதைவிட வேகமாக நடுங்கினால் பெல்ட், மோட்டார், பிளேட்டரின் (தட்டு உட்கார்ந்து சுற்றும் வட்டத்தின்) நடு அச்சு. அது சாட்சித் தட்டிலும் கேட்கும்.

இதுதான் கவனிக்க வேண்டியது: ஓட்டை விலகல் அந்தப் பிரஸ்ஸிங் முழுவதற்கும் உள்ள குறை என்று சொல்ல முடியாது, அந்த ஒரு பிரதியின், சில நேரம் ஒரு பக்கத்தின் குறை. மறுபக்கம் நேராகவே ஓடலாம். ஆகவே "இந்த அச்சே மோசம்" என்று எழுதுவதற்கு முன்னால் இன்னொரு பிரதி பாருங்கள். சரிசெய்யவும் முடியும். ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு, நகைப் பட்டறையில் வாங்கிய வட்ட அரத்தால் ஓட்டையை ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டினேன். பொடி வரிக்குள் போகாமல் இருக்கத் தட்டை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். அப்புறம் தட்டைச் சுற்றவிட்டு, கை ஆடாமல் நிற்கும்வரை விரலால் தட்டித் தட்டி நகர்த்தி, மேலே எடை வைத்து அழுத்தினேன். அண்ணன் வீட்டுத் தட்டுக்கும் இதற்கும் ஒலியில் பிறகு எந்த வித்தியாசமும் எங்களுக்குப் பிடிபடவில்லை. விலை உயர்ந்த தட்டில் இதைச் செய்ய வேண்டாம், விற்கும்போது கேள்வி வரும்.

"சுருதியே வேறாக இருக்கிறது"

இரண்டு தட்டும் ஒரே பிளேயரில் வேறு சுருதியில் பாடினால், ஏதோ ஒரு காலத்தில் டேப் ஓட்டும்போது வேகம் தப்பியிருக்கிறது என்று அர்த்தம். 78 தட்டிலிருந்து எல்.பி.க்கு மாற்றியவற்றில் இது வரும், ஏனென்றால் பழைய 78 எல்லாம் சரியாக 78இல் பதிவானவை இல்லை. பாடகரின் சுருதி தெரிந்தால் எது சரி என்று கண்டுபிடிக்கலாம்.

இரண்டும் சேர்ந்தே இறங்கி ஒலித்தால் பிளேயர். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த பழைய பிளேயர்களில் இது நடக்கிறது. 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வைத்துவிட்டால் சரி என்று நினைக்கிறோம், ஆனால் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின் அலையைப் பிடித்துச் சுற்றுகிற மோட்டாராக இருந்தால் 33⅓ சுற்ற வேண்டியது 28க்கும் கீழே போய்விடும், பாட்டு மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் கப்பி மாற்ற வேண்டும், வேறு வழியில்லை. நம்ம ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் இந்த வகை மோட்டாரின் வேகம் மாறாது. வோல்டேஜ் மீது பழி போடுவதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

வேகம் பார்க்க ஸ்ட்ரோப் வட்டம் (கோடுகள் அச்சிட்டு, தட்டு மாதிரி பிளேயரில் வைத்துச் சுற்றவிடுகிற வட்டம்) போதும். 50 ஹெர்ட்ஸ் வெளிச்சத்தில் 180 கோடு உள்ள வளையம் 33⅓இல் நின்ற மாதிரி தெரியும். சோக் வைத்த பழைய டியூப்லைட்டில் நன்றாகத் தெரியும், எல்.ஈ.டி. விளக்கில் பல நேரம் தெரியாது.

"டிக் டிக், கொரகொர, உஸ்ஸ்"

சத்தங்களைப் பிரித்துக் கேளுங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும்.

சீராக 1.8 விநாடிக்கு ஒரு டிக் வந்தால் கீறல். 45 சுற்றில் அது 1.33 விநாடி, 78இல் முக்கால் விநாடி. கீறல் அந்தப் பிரதியின் தலையெழுத்து, அச்சின் குறை இல்லை. ஒழுங்கில்லாமல் அங்கங்கே வெடித்தால் தூசி அல்லது நிலைமின்சாரம். பங்குனி சித்திரையில் ஏசி அறைக்குள் தட்டை உறையிலிருந்து உருவும்போதே படபடவென்று கேட்கும். ஈரத்துணியால் கையைத் துடைத்துவிட்டு எடுங்கள், கழுவிய தட்டைப் பழைய காகித உறையில் திரும்பப் போடாதீர்கள்.

தொடர்ச்சியாக உஸ்ஸ் என்று மழை பெய்கிற மாதிரி, பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் உள்ள வெற்று வரியிலும் கேட்டால், அது வினைல் கலவையின் தரம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகம் முழுக்க வினைல் தட்டுப்பாடு வந்து பழைய தட்டுகளை அரைத்துக் கலந்தார்கள், லேபிள் துகள்கூட அதில் சேர்ந்துபோனது உண்டு. இது கழுவினால் போகாது. இதை நீங்கள் பிரஸ்ஸிங் குறை என்று தைரியமாக எழுதலாம்.

இன்னொன்று, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிகிற மாதிரி "சர்ர்ர்" என்று சில விநாடி கேட்டு நின்றுவிடும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பொடித் திட்டு தெரியும். அழுத்தும்போது வினைல் வரிக்குள் முழுசாக நிரம்பவில்லை. கழுவிப் பிரயோஜனம் இல்லை. நான் தபாலில் வரவழைத்த ஒரு புதுத் தட்டில் இது இருந்தது, விற்றவர் "ஊசியை மாற்றிப் பாருங்கள்" என்று மூன்று வாரம் இழுத்தார். சாட்சித் தட்டு சுத்தமாக ஓடுவதையும் இது கிழிவதையும் ஒரே வீடியோவில் எடுத்து அனுப்பிய பிறகு மாற்றிக் கொடுத்தார். ஆகவே வீடியோ எடுத்து வையுங்கள்.

மோனோ தட்டாக (இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி) இருந்தால் ஆம்ப்பில், அதாவது ஆம்ப்ளிஃபையரில், மோனோ பட்டனை அழுத்துங்கள். அறுபதுகளின் சினிமாப் பாட்டு தட்டுகள் பெரும்பாலும் மோனோதான். மோனோ வரியில் பாட்டு பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது, ஸ்டீரியோ ஊசி மேலும் கீழும் உள்ள உரசலையும் சேர்த்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்திய மாத்திரத்தில் பாதி உரசல் அடங்கும். டி.எம்.எஸ். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து அசையாமல் நிற்கும். பட்டன் அழுத்தாமல் மோனோ தட்டைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

"கடைசிப் பாட்டு மட்டும் கிழிகிறது"

எல்.பி.யின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் வரி விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, கடைசிப் பாட்டில் 21தான். அதே விஷயத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள், ஊசி அதைப் படிக்கத் திணறும். ஆகவே கொஞ்சம் மங்குவது இயல்பு. கிழிவது இயல்பு இல்லை.

சாட்சித் தட்டின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அதுவும் கிழிந்தால் கார்ட்ரிட்ஜ் (கையின் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் பாகம்) கோணம் தப்பியிருக்கிறது. கோணம் பார்க்கும் தாள் இணையத்தில் கிடைக்கும், நடு அச்சிலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் கார்ட்ரிட்ஜ் கட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும்போது அளவைச் சுருக்கிவிடுவார்கள், ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஊசியின் அழுத்தத்தை நகைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் அளக்கலாம். கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன எண்ணை வையுங்கள், இந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் 1.5க்கும் 2.5 கிராமுக்கும் நடுவில் கேட்கும். தட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து குறைத்து வைக்காதீர்கள். குறைவான அழுத்தத்தில் ஊசி வரிச் சுவரில் மோதி மோதித்தான் தட்டைக் கெடுக்கும்.

சாட்சி சுத்தம், இது மட்டும் கிழிகிறது என்றால் தேய்மானம். நம் வீடுகளில் இருந்த பழைய பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ், அழுத்தம் 5 கிராமுக்கு மேல், ஊசி மாற்றியதே கிடையாது. கல்யாணம், சடங்கு என்று ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்ட தட்டு அது. எல்லாரும் விரும்பிய பாட்டு மட்டும் கிழிந்து, பக்கத்துப் பாட்டு புத்தம் புதுசாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது அச்சுக் குறை இல்லை, அந்த வீட்டுக்குப் பிடித்த பாட்டு அது. வேறு வடிவ ஊசி போட்டுப் பாருங்கள். கூர்மையான நீள்வட்ட ஊசி வரியில் வேறு ஆழத்தில் உட்காரும், தேயாத சுவர் அகப்படலாம்.

"எங்கள் வீட்டில் எல்லாத் தட்டும் எதிரொலிக்கிறது"

வளவில் (வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) கேட்கிறீர்களா? ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த கண்ணாடிச் சுவர், உயரமான மச்சு. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள், சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் இரண்டு பிரஸ்ஸிங்கின் நுணுக்க வித்தியாசம் யாருக்கும் கேட்காது. சின்ன அறைக்கு மாறுங்கள், கனமான ஜமக்காளம் விரியுங்கள், எதிர்ச் சுவரில் பஞ்சு மெத்தையைச் சாத்தி வையுங்கள். பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே மேஜையில் இருந்தால் பிரித்துவிடுங்கள். பர்மாத் தேக்கு எவ்வளவு கனமாக இருந்தாலும் ஸ்பீக்கர் அதிர்வைக் கடத்தும், பாஸ் அதிகமுள்ள பிரஸ்ஸிங்தான் அதில் முதலில் கும்மி கெட்ட பேர் வாங்கும்.

"ம்ம்ம்" என்று அடியில் ஓடிக்கொண்டே இருந்தால் எர்த். பழைய வீடுகளில் மூன்றாவது முனை இருக்கும், அதில் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், தட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"78 தட்டு, அதே பாட்டின் எல்.பி. பக்கத்தில் பாவமாக இருக்கிறது"

எல்.பி. ஊசியால் 78ஐ ஓட்டியிருப்பீர்கள். எல்.பி. ஊசி முனை 18 மைக்ரான் ஆரத்தில் இருக்கும், 78க்கு 65 முதல் 75 வரை வேண்டும். சின்ன ஊசி அகல வரியின் அடியில் குப்பைக்குள் உருண்டுகொண்டிருக்கும். இரண்டாவது காரணம், 1954இல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு வந்த பிறகுதான் எல்லாரும் ஒரே மாதிரி மேல் ஒலியைத் தூக்கி வெட்டினார்கள், ஆம்ப் அதை இறக்கிக் கொடுக்கிறது. அதற்கு முந்தைய 78இல் அவ்வளவு தூக்கல் இல்லை, ஆம்ப் மட்டும் இறக்குகிறது, அதனால் போர்வை போர்த்திய மாதிரி கேட்கிறது. டிரெபிளைக் கூட்டிக் கேளுங்கள், தவறில்லை. சரியான ஊசியோடு ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தை 78இல் கேட்டவர்கள் மூச்சு சீவாளியில் மோதுகிற இடத்தைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். அந்த மோதல் நான் கேட்ட எல்.பி. மறுபதிப்பு எதிலும் இல்லை.

"என்னுடையது எந்தப் பிரஸ்ஸிங் என்றே தெரியவில்லை"

உறையை நம்பாதீர்கள். வீடுகளில் உறை மாறிக் கிடக்கும். லேபிளையும், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் உள்ள வெற்று வளையத்தையும் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பது தெரியும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். ஒரு லாக்கர் (வரியை முதலில் கீறுகிற மென்மையான வட்டு) வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு, அதிலிருந்து தாய், தாயிலிருந்து ஸ்டாம்பர் (வினைலை அழுத்துகிற அச்சு), ஸ்டாம்பரிலிருந்து தட்டு என்று வம்சம் வருகிறது. மேட்ரிக்ஸ் வேறானால் வெட்டே வேறு. மேட்ரிக்ஸ் ஒன்றாக இருந்தும் ஒலி வேறாக இருந்தால் ஸ்டாம்பர் தேய்மானமோ பிரதியின் நிலையோதான். இங்கிலாந்து ஈ.எம்.ஐ. தட்டு வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்கலாம். வளையத்தில் தனி எழுத்து இருக்கும், ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், டி (T), டி (D) என்று கிராமபோன் லிமிடெட் என்பதன் எழுத்துகள் 1 முதல் 9, பிறகு 0 என்ற எண்களுக்குப் பதில் நிற்கின்றன. ஒற்றை ஜி என்றால் முதல் ஸ்டாம்பர். நம் எச்.எம்.வி., கொலம்பியா தட்டுகள் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை, வளையத்தில் உள்ளதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு இன்னொரு பிரதியோடு ஒத்துப் பாருங்கள்.

"நேற்று இது நன்றாக இருந்தது, இன்று அது நன்றாக இருக்கிறது"

பெயர் தெரிந்து கேட்டால் காது பெயரைத்தான் கேட்கும். முதல் வெளியீடு என்று தெரிந்துவிட்டால் போதும், மனசு அதற்கு இரண்டு மார்க் சேர்த்துப் போட்டுவிடும். என் அண்ணன் மகனை உட்கார்த்தி வைத்திருக்கிறேன், அவன் நாணயம் சுண்டிப் பார்த்துத் தட்டைப் போடுவான், நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். பத்து முறை. எது எது என்று நான் சொல்வதை அவன் நோட்டில் எழுதுவான். பத்தில் ஐந்து, ஆறுதான் சரி என்றால் வித்தியாசம் இருப்பதாக நான் வெளியே சொல்வதில்லை. ஒன்பது வந்தால் சொல்வேன். பிளேயரை முதலில் இருபது நிமிஷம் ஓடவிடுங்கள், மார்கழிக் காலையில் ஊசியின் ரப்பர் விறைத்திருக்கும், முதல் தட்டு எப்போதும் நஷ்டப்படும்.

முடிவு தெரிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் தேதி, மேட்ரிக்ஸ் எண், என்ன ஊசி, வால்யூம் குறி, கேட்ட குறை தட்டோடு போனதா பிளேயரோடு நின்றதா, இவ்வளவையும் எழுதி உறைக்குள் போட்டு வையுங்கள். பேனா வேண்டாம், மை மழைக்காலத்தில் ஊறும், பென்சிலால் எழுதுங்கள்.